எக்ஸ் டேட்டுக்கு முந்தின நாள்

ஷேர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இனிஷியல் பார்க்கத்தான் சொல்லித்தந்தார்கள். எண்பதுகளின் நடுவில், மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்த செகண்ட் லைன் பீச் பக்கம் ஒரு புரோக்கர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சர்டிபிகேட்டில் இருக்கிற பெயரும், டிரான்ஸ்ஃபர் டீடில் விற்றவர் போட்ட கையெழுத்தும் ஒரு புள்ளி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கம்பெனியிலிருந்து கட்டு அப்படியே திரும்பி வரும். அதற்கு 'பேட் டெலிவரி' என்று பெயர். பத்து வருஷத்தில் மனுஷனுக்குக் கை நடுங்கும், கையெழுத்து மாறும் என்பதைக் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டதே இல்லை.

அந்த ஆபீசுக்கு வந்துபோனவர்களில் என் மனசில் நிற்பவர் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் பீச் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து நடந்து வருவார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் பழைய டைரி. அது நிறைய பேப்பர் கட்டிங் ஒட்டியிருப்பார். எல்லாம் 'புக் குளோஷர்' நோட்டீஸ்கள். யாருக்கு டிவிடெண்ட் போகிறது என்று பார்க்கக் கம்பெனி தன் பங்குதாரர் பதிவேட்டைச் சில நாள் மூடி வைக்கும். மூடுவதற்கு ஏழு நாளாவது முன்னதாகப் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 நாளுக்கு மேல் மூடக் கூடாது. வருஷத்துக்கு மொத்தம் 45 நாள்தான். 1956-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் இருந்த இந்த ஷரத்து எங்கள் முதலாளியைவிட ஹெட்மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய சித்தாந்தம் ரொம்ப எளிது. "மூடறதுக்கு முன்னாடி வாங்கிடணும். டிவிடெண்ட் நமக்கு வந்துடும். அப்புறம் வந்த விலைக்கு வித்துடலாம். பேங்க்ல வருஷம் பூரா போட்டு வச்சாத்தான் கிடைக்கிற வட்டி, இங்க ஒரே மாசத்துல!" முதலாளி கண்ணாடியைத் துடைத்தபடியே, "தாராளமா பண்ணலாம் சார்" என்பார். வாங்கும்போது ஒரு கமிஷன், விற்கும்போது ஒரு கமிஷன். ஹெட்மாஸ்டரின் சித்தாந்தத்தில் நிச்சயமாக லாபம் பார்த்த ஒரே ஆத்மா அவர்தான்.

விஷயம் என்னவென்றால், கம்பெனி ஷேருக்கு 3 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால் கம்பெனியின் பெட்டியில் ஷேருக்கு 3 ரூபாய் குறைகிறது. டிவிடெண்டோடு கூடிய ஷேர் 'கம் டிவிடெண்ட்'. டிவிடெண்ட் கழன்ற ஷேர் 'எக்ஸ் டிவிடெண்ட்', அதாவது அந்த 3 ரூபாய் இல்லாத ஷேர். இளநீரைக் குடித்துவிட்டுக் கூட்டை இளநீர் விலைக்கே விற்க எந்தக் கடைக்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான். பேப்பரில் விலைப் பட்டியலிலேயே 'எக்ஸ்டி' என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் அச்சிடுவார்கள்.

ஆனால் ஹெட்மாஸ்டருக்கு இது கண்ணில் பட வாய்ப்பில்லாமல் போனது. அவர் வாங்குகிற சின்னக் கம்பெனி ஷேர்கள் மெட்ராசில் வாரக்கணக்கில் கைமாறாது. எக்ஸ்டி ஆன அன்று பட்டியலில் நிற்பது என்றைக்கோ நடந்த பழைய வியாபாரத்தின் விலை. விலை இறங்கவில்லை என்று அவர் டைரியில் சிவப்பு மையில் குறித்துக்கொள்வார். அடுத்த வியாபாரம் நடக்கும்போது இறங்கித்தான் நடக்கும்; அதற்குள் அது மழை, மத்திய பட்ஜெட், மில் வேலைநிறுத்தம் ஆகியவற்றின் கணக்கில் போய்விடும். அவர் விற்க நினைக்கும்போது கையில் இருப்பது 50-க்குக் குறைந்த உதிரி என்றால் இன்னும் விசேஷம். 'ஆட் லாட்' வாங்குகிறவன் தனியாக ஒரு தள்ளுபடி கேட்பான்.

சதவீதம் வேறு இருந்தது. '25 சதவீத டிவிடெண்ட்!' என்று பேப்பரில் வந்தால் தாம்பரத்தில் ஹெட்மாஸ்டருக்குத் தூக்கம் போய்விடும். சதவீதம் முகமதிப்பின் மேல். பத்து ரூபாய் முகமதிப்புக்கு 25 சதவீதம் என்றால் இரண்டரை ரூபாய். அந்த ஷேரை அவர் 90 ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பார். கணக்கு வாத்தியார்தான், ஆனாலும் அந்த 25 என்ற எண்ணுக்கு முன்னால் வகுத்தல் மறந்துவிடும்.

புக் குளோஷருக்கு முந்தின சில நாட்கள் எங்கள் ஆபீசில் திருவிழா. அப்போதெல்லாம் விற்றவர் கையெழுத்துப் போட்ட வெற்று டிரான்ஸ்ஃபர் டீடோடு சர்டிபிகேட் கை மாறி கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும்; வாங்கினவர் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருக்கும். பதிவேடு மூடப் போகிறது என்றதும், யார் கையில் அப்போது இருக்கிறதோ அவர் அவசர அவசரமாகத் தன் பெயரை எழுதி, பங்கு மாற்று ஸ்டாம்புகளை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஸ்டாம்பை ஒட்டினால் போதாது, குறுக்கே கோடு போட்டு ரத்து செய்ய வேண்டும். மறந்தால் அதுவும் பேட் டெலிவரி. டீடின் தலையில் கம்பெனிப் பதிவாளர் ஆபீசில் குத்திய தேதி இருக்கும், அதற்கும் ஆயுள் உண்டு. கடைசி நாள் சாயங்காலம் கம்பெனி ஷேர் டிபார்ட்மெண்ட் ஜன்னலில் ஊரில் உள்ள அத்தனை புரோக்கர் ஆபீஸ் பையன்களும் நிற்பார்கள். ஜன்னல் மூடும் நேரத்தை எழுதிப்போட்டிருப்பார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரின் கடிகாரம்தான் கணக்கு.

கொடுத்த சர்டிபிகேட் புதுப் பெயரோடு திரும்பி வரச் சட்டப்படியே இரண்டு மாசம் அவகாசம். அதுவரை விற்க முடியாது. ஆக, 'வாங்கி, டிவிடெண்டை எடுத்துக்கொண்டு, உடனே விற்றுவிடுவது' என்ற திட்டத்தில் 'உடனே' என்பது ஆடியில் ஆரம்பித்துத் தீபாவளிக்கு முடியும் விவகாரம்.

இதைவிட ருசியான அத்தியாயம், ஜன்னல் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தவர்களுடையது. கம் டிவிடெண்ட் விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் பதிவேட்டில் பழைய ஆளின் பெயர்தான் நிற்கிறது. கம்பெனி அவருக்கே டிவிடெண்ட் வாரண்டை, அதாவது வங்கியில் மாற்றிக்கொள்ளும் காகிதத்தை, அனுப்பிவிடும். அதை அவரிடமிருந்து வசூலிப்பது எங்கள் வேலை. விற்ற புரோக்கருக்குக் கடிதம் போடுவோம். அவர் தன் கட்சிக்காரருக்குப் போடுவார். கட்சிக்காரர் கோயம்புத்தூரிலோ கல்கத்தாவிலோ இருப்பார். நடுவில் நாலு கை மாறியிருந்தால் நாலு புரோக்கர், நாலு கடிதம். ஹெட்மாஸ்டருக்கு வர வேண்டிய 62 ரூபாய் 50 காசுக்காக நான் இங்கிலீஷில் எழுதின கடிதங்களைத் தொகுத்தால் ஒரு வழக்குமொழி அகராதியே போடலாம். 'அன்புடன் கவனத்துக்கு' என்று தொடங்கி, 'வருத்தத்துடன் நினைவூட்டுகிறோம்' வழியாக, 'மேற்கொண்டு தாமதமாகுமானால்' வரை போவேன். கடைசியில் எங்கோ ஒரு விதவை அம்மாள், தன் வீட்டுக்காரர் ஷேரை விற்றதே தனக்குத் தெரியாது என்று தமிழில் எழுதி, மணியார்டர் கமிஷனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிட்டார். ஹெட்மாஸ்டர் அந்தப் பணத்தை வாங்க மறுத்தார். முதலாளிக்குத் தர்மசங்கடம்: அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாரண்ட் ஒழுங்காக வந்தாலும் கதை முடியாது. பொதுக்கூட்டத்தில் அறிவித்த நாளிலிருந்து 42 நாளுக்குள் அனுப்பினால் போதும் என்பது அன்றைய சட்டம். 30 நாளாகக் குறைந்தது பின்னால். தபாலில் வாரண்ட் திருடு போகும். வெளியூர் வங்கியின் மேல் வரைந்த வாரண்ட் என்றால் கலெக்ஷன் சார்ஜ் பிடிப்பார்கள். பல வீடுகளில் அது ராமாயணப் புஸ்தகத்துக்குள் அடையாளமாகச் செருகப்பட்டு, செல்லுபடியாகும் காலம் தாண்டி, ஸ்ரீராமநவமிக்குத்தான் வெளியே வரும். கேட்பாரற்ற டிவிடெண்ட் மூன்று வருஷத்துக்குப் பிறகு மத்திய அரசின் கஜானாவுக்குப் போனது. இப்போது ஏழு வருஷம் பொறுத்திருந்து, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. ஏழு வருஷமும் தொடர்ந்து வாங்காமல் விட்டால் கூடவே ஷேரும் போகிறது.

டிவிடெண்டை அறிவிக்கும் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் ஹெட்மாஸ்டர் தவறாமல் போவார். சென்னையில் பல கம்பெனிகள் சபா ஹால்களில்தான் கூட்டம் போடும். மார்கழியில் வித்வான் உட்கார்ந்த மேடையில் ஆவணியில் சேர்மன். காபியும் ஸ்வீட்டும் காரமும் உண்டு. கணக்குப் பார்த்தால், போக வர ரயில் சார்ஜ் போக, அந்தப் பொட்டலம்தான் அவர் சித்தாந்தத்தின் நிகர லாபமாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. 1992-ல் ஹர்ஷத் மேத்தா ஊழல். 1994-ல் தேசியப் பங்குச்சந்தையின் கம்ப்யூட்டர் திரை. 1996-ல் டெபாசிட்டரி சட்டம், ஷேரைக் காகிதமில்லாமல் கணக்கில் வைக்கும் டீமேட். சர்டிபிகேட் போனதும் கையெழுத்து போனது, ஸ்டாம்பு போனது, ஜன்னல் போனது, என் பிழைப்பின் பாதியும் போனது. கூச்சல் போட்டு வியாபாரம் நடந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் மெல்ல மெல்ல அடங்கி, 2015-ல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் உத்தரவோடு சந்தை என்ற தகுதியையும் விட்டது.

வரி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த காலத்துக்குப் போக முடியாது. 1997 பட்ஜெட்டில் சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம், டிவிடெண்ட் வாங்குகிறவருக்கு வரி இல்லை, கொடுக்கிற கம்பெனி 10 சதவீதம் கட்டட்டும் என்றார். அந்த விகிதம் ஏறி இறங்கி, நடுவில் ஒரு வருஷம் மறைந்து திரும்பி, 2020 வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் ஹெட்மாஸ்டரின் டைரியைப் பெரிய மனிதர்கள் கையில் எடுத்தார்கள். அவர்களுக்கு விலை இறங்கும் என்பது நன்றாகவே தெரியும். இறங்க வேண்டும் என்பதற்காகவே வாங்கினார்கள்! வருகிற டிவிடெண்டுக்கு வரி இல்லை. விற்கும்போது வருகிற நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2000 மார்ச்சில் மும்பையின் வால்ஃபோர்ட் என்ற தரகு நிறுவனம் சோழா மியூச்சுவல் ஃபண்டின் யூனிட்டுகளை 17 ரூபாய் 23 காசுக்கு வாங்கியது. யூனிட்டுக்கு 4 ரூபாய் டிவிடெண்ட். அது கைக்கு வந்ததும் யூனிட்டின் மதிப்பு 13 ரூபாய் 23 காசு. ஒரு காசு பிசகவில்லை. வருமான வரித்துறை இது நஷ்டமே இல்லை, நாடகம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010-ல் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. அதற்குள் சட்டத்தில் 94(7) என்ற பூட்டைப் போட்டுவிட்டார்கள்: டிவிடெண்ட் யாருக்கு என்று பதிவேட்டைப் பார்க்கும் ரெக்கார்ட் தேதிக்கு முந்தைய மூன்று மாசத்துக்குள் வாங்கி, பிந்தைய மூன்று மாசத்துக்குள் விற்றால், வரியில்லாமல் வாங்கின டிவிடெண்ட் அளவுக்கு நஷ்டத்தைக் காட்ட முடியாது.

2020-ல் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். கம்பெனிக்கு வரி இல்லை; வாங்குகிறவர் தன் வருமான அடுக்குக்குத் தக்கபடி கட்ட வேண்டியது. டிவிடெண்டுக்கே வரி வந்துவிட்டதால் 94(7) பூட்டுக்கு டிவிடெண்ட் விஷயத்தில் காவல் காக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இப்போது என் அக்கா பையன். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம், 30 சதவீத அடுக்கு. அவனிடம் டைரி இல்லை. போனில் ஒரு காலண்டர் இருக்கிறது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை 'இந்த வாரம் டிவிடெண்ட் தரும் பங்குகள்' என்று வாட்ஸ்ஆப்பில் பட்டியல் வந்துவிடும். 2023 ஜனவரியிலிருந்து வாங்கின மறுநாளே ஷேர் கணக்குக்கு வந்துவிடுகிறது. அதனால் எக்ஸ் டேட்டும் ரெக்கார்ட் டேட்டும் ஒரே நாள். முந்தின நாள் மூன்றரை மணிக்குள் வாங்கினால் டிவிடெண்ட் அவனுக்கு. ஜன்னல் இல்லை, இனிஷியல் இல்லை, கல்கத்தாவுக்குக் கடிதம் இல்லை. ஹெட்மாஸ்டர் தீபாவளிக்குத் தெரிந்துகொள்ளாமல் விட்டதை இவன் மறுநாள் காலை ஒன்பதே காலுக்குச் சிவப்பு எழுத்தில் பார்த்துவிடுகிறான்.

"மாமா, டிவிடெண்ட் 20 ரூபா. ஷேர் 500. நாலு பர்சென்ட், ஒரே ராத்திரியில!"

"காலையில எவ்வளவுக்குத் திறந்துச்சு?"

"480. ஆனா அது மார்க்கெட் மூடு மாமா. ரெகவர் ஆயிடும்."

மழை, பட்ஜெட், மில் வேலைநிறுத்தம் இருந்த இடத்தில் இப்போது மூடு இருக்கிறது.

ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுக் காட்டினேன். குமாஸ்தா புத்தி போகாது. நூறு ஷேர், 50,000 ரூபாய். டிவிடெண்ட் 2,000. அதில் 30 சதவீத வரியும் செஸ்ஸும் 624. விலை இறங்கின நஷ்டம் 2,000. அதைக் கழிக்க வேறு ஷேரில் குறுகிய கால லாபம் இருந்தால், 20 சதவீதமும் செஸ்ஸுமாக 416 மிச்சமாகும். லாபம் இல்லாவிட்டால் எட்டு வருஷம் தூக்கிக்கொண்டு அலையலாம். வாங்க, விற்க இரண்டு பக்கமும் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 98. ஸ்டாம்பு, டீமேட் கட்டணம் தனி. இந்த நாலு பர்சென்ட் சம்பாத்தியத்தில் அவனுக்குக் கைநஷ்டம் குறைந்தது 300 ரூபாய். வேறு லாபம் இல்லாத வருஷமாக இருந்தால் 700-க்கு மேல். அதே ஷேரை மறுநாள் 480-க்கு வாங்கியிருந்தால் அந்த 624-ஐக் கட்ட வேண்டிய பேச்சே இல்லை. வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறான் என்றால்கூட, 30 சதவீத அடுக்கில் இருப்பவன் எக்ஸ் ஆன பிறகு வாங்குவதுதான் கணக்கு. அவனோ முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டைக் கூட விட்டுவிட்டு வாங்குகிறான்.

பையன் அசரவில்லை. படித்த பிள்ளை. 1970-லேயே அமெரிக்காவில் எல்டன், க்ரூபர் என்ற இரண்டு பேர் ஆராய்ந்து, விலை சராசரியாக டிவிடெண்டைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார்களாம். அந்தக் 'கொஞ்சம்' தன்னுடையது என்கிறான். அவர்கள் கண்டது உண்மைதான். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் வரி என்று அதே கட்டுரையில் அவர்களே சொல்லியிருப்பதை, அவனுக்கு இதை யூடியூபில் சொன்னவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவர் இன்னமும் '200 சதவீத டிவிடெண்ட்' என்றுதான் தலைப்புப் போடுகிறார். ஒரு பங்குக்கு எத்தனை ரூபாய் என்றுதான் கம்பெனி அறிவிக்க வேண்டும் என்று செபி விதியே இருக்கிறது. விதி கம்பெனிக்குத்தான், யூடியூபுக்கு இல்லை.

அவனுடைய சிநேகிதன் ஒருவன் 2022-23 முழுக்க வேதாந்தா ஷேரை வைத்திருந்தான். அந்த வருஷம் ஐந்து தடவை இடைக்கால டிவிடெண்ட், மொத்தம் 101 ரூபாய் 50 காசு. ஒவ்வொரு தடவையும் பார்ட்டி. வருஷ ஆரம்பத்தில் 400-ஐ ஒட்டி இருந்த விலை கடைசியில் 275 பக்கம் நின்றது. உலோக விலையும் அந்த வருஷம் இறங்கியது, எல்லாவற்றையும் டிவிடெண்ட் தலையில் போட முடியாது. ஆனால் பார்ட்டிக்கு யாருடைய காசு போனது என்று அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கௌரவத்துக்காக என் அக்கா பையன் ஒரே ஒரு எம்ஆர்எஃப் ஷேர் வைத்திருக்கிறான். திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி; 2023 ஜூனில் அதன் ஒரு ஷேர் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இறுதி டிவிடெண்ட் ஓரளவு பெரிதாக வரும், இடைக்கால டிவிடெண்ட் தலா 3 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் ஷேருக்கு 3 ரூபாய்க்கும் எக்ஸ் டேட் உண்டு, ரெக்கார்ட் டேட் உண்டு, காலண்டரில் மணி அடிக்கும். "நாளைக்கு எம்ஆர்எஃப் எக்ஸ் மாமா" என்று போன வருஷம் எனக்குச் செய்தி அனுப்பினான். பொதுக்கூட்டத்துக்கும் போகலாமே என்றேன். கொரோனாவுக்குப் பிறகு நிறைய கம்பெனிகள் கூட்டத்தை வீடியோவில்தான் நடத்துகின்றன என்றான். அதில் சேர்மன் தெரிகிறார். காராசேவு தெரிவதில்லை.

வருமான வரி ரிட்டர்ன் போடும் சமயத்தில் மட்டும் என்னைத் தேடி வருவான். டிவிடெண்டை மொத்தமாக ஒரு தொகையாக எழுதிவிட முடியாது. ஜூன் 15 வரை வந்தது, செப்டம்பர் 15 வரை வந்தது, டிசம்பர் 15, மார்ச் 15, மார்ச் 31 என்று ஐந்து கட்டங்கள். அவன் துரத்தித் துரத்தி வாங்கின ஷேர்கள் ஒவ்வொன்றும் 14 ரூபாயும் 38 ரூபாயும் 6 ரூபாய் 50 காசுமாக வருஷாந்தரத் தகவல் அறிக்கையில் வரிசை கட்டி நிற்கின்றன. பழைய ஆபீஸ் பழக்கத்தில் நான் படிக்க, அவன் கட்டத்தில் தட்டிக்கொண்டு வந்தான். எம்ஆர்எஃப் வந்ததும் நிமிர்ந்தான்.

"மாமா, இந்த மூணு ரூபா டிசம்பர் 15-க்கு முன்னாடி வந்துதா, பின்னாடியா?"

"பேங்க் ஸ்டேட்மெண்ட்ல பாருடா."

திறந்தான். டிசம்பர் மாசம் முழுக்க டீக்கடைக்கு 12, 12, 24, பார்க்கிங்குக்கு 20, மறுபடி டீக்கு 12. இதற்கு நடுவில் எங்கோ வரவில் 3. விரலால் தள்ளிக்கொண்டே போனான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். "இரும்மா, ஒரு மூணு ரூபாய் டேலி ஆகல" என்றான்.